அமீனா மகளுக்கு வந்த சம்மன்

1

சிட்னிக்கு வந்து இந்தத் தையோடு பதினான்கு வருஷம் முடிந்தது. இத்தனை வருஷத்தில் என் பெயருக்கு வந்த கடிதங்கள் எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவைதான். கண் பார்க்க வா, முட்டி பார்க்க வா, இரத்தம் கொடுக்க வா. போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை வந்த கடிதம் அந்த ரகம் இல்லை. அது கோர்ட்டிலிருந்து வந்தது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம். நான் யார் வீட்டு வேலியையும் தாண்டவில்லை.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தமிழே மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் கோர்ட் என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் எழுதுகிற ஐந்து எழுத்தையும் எனக்கு முகம் தெரியும். அய்யாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோய், புதுக்கோட்டை கோர்ட் வாசலில் காத்துக் கிடந்த நாளெல்லாம் அந்தப் பெயர்ப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு பார்க்க அங்கே என்ன இருந்தது? கறுப்புக் கோட்டும், வெயிலும், பிராது எழுதுகிறவர்களும்தான்.

உறையின் மேல் என் பெயருக்குப் பின்னால் அய்யாக்கண்ணு என்று இருந்தது. அது என் தகப்பனார் பெயர். நம்மூரில் முன்னால் ஓரெழுத்தாகப் போடுவதை இங்கே பின்னால் முழுதாகப் போடச் சொல்கிறார்கள். அதனால் ஆஸ்பத்திரியிலும் பேங்கிலும் என்னை 'மிஸஸ் அய்யாக்கண்ணு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் இரண்டு வருஷம், அய்யா இறந்து நாற்பது வருஷம் ஆச்சே, அவரை எதற்கு ஆஸ்பத்திரியில் தேடுகிறார்கள் என்று உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். இப்போது எழுந்துவிடுகிறேன்.

அய்யா புதுக்கோட்டை முன்சீப் கோர்ட்டில் அமீனா. கோர்ட் கொடுக்கிற சம்மனைக் கொண்டுபோய் உரியவர் கையில் சேர்ப்பது அவர் வேலை. வாழ்நாள் முழுக்க மற்றவர் வாசலுக்குச் சம்மன் கொண்டுபோன மனிதரின் பெயரைப் போட்டு, கடல் தாண்டி அவர் மகளுக்கு ஒரு சம்மன். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மகள் செல்வியும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். சம்மன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒருத்தர் சொல்ல வேண்டியதில்லை. நம்மூரில் சம்மன் இரண்டு பிரதி வரும். ஒன்று நமக்கு. இன்னொன்றில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தயங்கினால் அது மறுத்ததாக ஆகிவிடும். இந்த உறைக்குள்ளும் இரண்டு தாள் இருந்தது. ஒன்றில் நிறையச் சின்னச் சின்னக் கட்டங்கள், அடியில் ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. திருப்பி அனுப்ப ஒரு உறையும் வைத்திருந்தார்கள். கட்டங்கள் குமாஸ்தா பார்த்துக்கொள்வது என்று விட்டுவிட்டேன். கோட்டின் மேல் 'அ. பொன்னம்மாள்' என்று நிறுத்தி எழுதினேன். தேதி போட்டேன்.

மறுநாள் தபால்காரர் மஞ்சள் சட்டையில் சின்ன வண்டியில் வந்தார். வாசலிலேயே நின்று இரண்டு கையாலும் கொடுத்தேன். "தேங்க்யூ டார்லிங்" என்று வாங்கிக்கொண்டு போனார். எழுபத்தெட்டு வயசில் இந்த ஒரு பட்டம்தான் பாக்கி இருந்தது.

2

அய்யா வேலைக்குச் சேர்ந்தது ராஜா காலத்தில். புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்ததும், அதற்கென்று தனி கோர்ட்டும் தனி உத்தியோகஸ்தர்களும் இருந்ததும் இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியுமோ தெரியாது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது நான் கைக்குழந்தை. அய்யாவின் தோள்பட்டைக்குக் குறுக்கே போகிற பட்டையில் ஒரு பித்தளை வில்லை இருக்கும். ஒரு நாள் அந்த வில்லையை வாங்கிக்கொண்டு வேறு வில்லை கொடுத்தார்களாம். கட்டடம் அதுதான், மேசை அதுதான், சைக்கிளும் அதுதான்.

"ராசா பேரச் சொல்லிக் குடுத்த சம்மன, அப்பறம் கெவுருமெண்டு பேரச் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு தடவையும் ஓடி ஒளிஞ்சது ஒரே ஆளுதான்" என்பார் அய்யா.

சட்டம் என்றால் அது ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்கியது என்றுதான் படிக்காத நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. அது ஒரு வீட்டைப் போல. ஒரு காலத்தில் ஒருத்தர் சுவர் எழுப்புகிறார், இன்னொரு காலத்தில் இன்னொருத்தர் சன்னல் வைக்கிறார். சன்னல் வைத்தது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவே பத்து வருஷம் ஆகிறது. ஒருவன் ஒருத்திக்கு மேல் கட்டக்கூடாது என்று சட்டம் வந்த புதிதில், அது டெல்லியில் இருந்து கிளம்பிவிட்டது, ஆனால் அரிமளம் பக்கத்துக்கு வர இன்னும் பஸ் கிடைக்கவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தவள். அதைப் பிறகு சொல்கிறேன்.

3

கையெழுத்துப் போட்டு அனுப்பி ஒரு மாதம் இருக்கும். இன்னொரு கடிதம் வந்தது. இதைச் செல்வி பிரித்தாள். படித்தவள் முகம் போன போக்கைப் பார்த்து, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

"அம்மா, கோர்ட்லேருந்து ஏதாச்சும் வந்துச்சா? நீ சைன் பண்ணுனியா?"

"வந்துச்சு. வாங்கிக்கிட்டேன்னு போட்டுக் குடுத்தேன்."

"யாருகிட்டக் குடுத்த?"

"கொண்டாந்தவருகிட்டத்தான். வேற யாருகிட்டக் குடுப்பாக?"

அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். இந்த ஊரில் ஒருத்தன் மேல் பெரிய குற்றம் சாட்டினால், அவன் செய்தானா இல்லையா என்று ஜட்ஜ் தீர்மானிக்க மாட்டாராம். ஓட்டு உள்ளவர்களின் பட்டியலிலிருந்து குலுக்கிப்போட்டுப் பன்னிரண்டு பேரைக் கூப்பிடுவார்களாம். அவர்கள் உட்கார்ந்து முழுதும் கேட்டு, தங்களுக்குள் பேசி, முடிவு சொல்ல வேண்டுமாம். அதற்கு ஜூரி என்று பெயர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் இந்த நாட்டுப் பிரஜை ஆனேன். வயசானவர்களுக்கு அதற்குப் பரீட்சை கிடையாது. அப்போதே ஓட்டும் வந்தது, பட்டியலில் பெயரும் ஏறியது. குலுக்கலில் என் பெயர் விழுந்திருக்கிறது. வர இயலாதவர்கள் காரணத்துக்குரிய கட்டத்தில் குறி போட வேண்டும். ஒரு கட்டத்திலும் குறி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டால், எனக்கு இங்கிலீஷ் தெரியும், உடம்பு நன்றாக இருக்கிறது, வருகிறேன் என்று அர்த்தம்.

"நீ வாரேன்னு எழுதிக் குடுத்திருக்கம்மா. இப்ப நாள் போட்டுக் கூப்புட்டிருக்காங்க" என்றாள்.

எனக்கு அது தப்பாகவே படவில்லை. கோர்ட் கூப்பிட்டால் வருகிறேன் என்றுதானே சொல்ல வேண்டும்?

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவளும் மாப்பிள்ளையும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நான் கேட்கக்கூடாத பேச்சு வந்தால் அப்படித்தான். முன்பெல்லாம் தாழ்ந்த குரலில் தமிழில் பேசுவார்கள். இப்போது தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை. என் மகள் கோபப்படுவது, கெஞ்சுவது எல்லாம் எனக்குத் தெரியாத பாஷைக்கு மாறிவிட்டது. முகத்தைப் பார்த்துத்தான் அவளைப் படிக்கிறேன். அன்று அவள் முகம் எதற்கோ சம்மதிக்கிற முகமாக இருந்தது. முழு மனசோடு இல்லை.

4

அடுத்த சனிக்கிழமை முட்டி வலிக்கு என்று டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். வழக்கமான டாக்டர்தான். போனில் ஒரு தமிழ்ப் பெண் மொழிபெயர்த்துச் சொல்வாள். டாக்டர் முட்டியைத் தொடவே இல்லை. இன்று என்ன கிழமை என்றார். சனி என்றேன், தேய்பிறை, நாளைக்குச் சஷ்டி. போனில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். மூன்று பொருள் சொல்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன், ஞாபகமாகச் சொல்லுங்கள் என்றார். ஆப்பிள், மேசை, காசு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கறம்பக்குடி சந்தையில் முப்பது வருஷம் காய்கறி விற்றவளிடம் கேட்கிற கணக்கா அது? அவர் காகிதத்தில் சரிபார்க்கும் முன்னாலேயே நான் இரண்டில் வந்து நின்றேன். மூன்று பொருளையும் அவர் கேட்காமலே சொன்னேன்.

டாக்டர் செல்வியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை. போனில் இருந்த பெண் தமிழில் சொன்னாள்: "அம்மா, ஒங்க ஞாபகம் தன்னோடதைவிட நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. மறதி நோய்க்குச் சர்டிஃபிகேட் கேட்டாங்களாம், அதெல்லாம் குடுக்க முடியாதுங்கிறாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை என் எதிரே உட்கார்ந்தார். தங்கமான மனிதர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மாமியாரிடம் குரல் உயர்த்தமாட்டார்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. வயசச் சொல்லி விலக்குக் கேக்கற தேதி போயிருச்சு. இங்கிலீஷ் தெரியலைன்னு இப்ப சொன்னா, அப்ப ஏன் தெரியும்னு சைன் பண்ணுனீங்கன்னு கேப்பாங்க. பொய் டிக்ளரேஷன்னு ஆயிரும். மறதின்னு போட்டா அதுக்கும் காரணம் ஆச்சு, போகாததுக்கும் காரணம் ஆச்சு. டாக்டர் பேப்பர் வேணாம். வீட்டு ஆளுங்க ஒரு லெட்டர் குடுத்தாப் போதும். யாரும் செக் பண்ண மாட்டாங்க."

"மாப்பிள்ளை, யாரும் பாக்க மாட்டாகங்கிறதுக்காகச் சொல்றதுக்குப் பேருதானே பொய்யி?"

"ஒரு பேப்பர்தானே அத்தை."

"நானும் அந்தப் பேப்பர்ல இருக்கேன்ல. எனக்குப் புத்தி பெசகிப் போச்சுன்னு கெவுருமெண்டு பொஸ்தகத்துல ஏறிரும். நான் செத்தாலும் அது அழியாது."

செல்வி குறுக்கே வந்தாள். "ஒனக்கு எல்லாத்துக்கும் வீம்பு. ஃபைன் போட்டா யாரு அலையிறது? நாங்கதான அலையணும்?"

"அதுக்குத்தான் சொல்றேன். என்னைய அங்கிட்டுக் கூட்டிட்டுப் போ. நான் சொல்லிக்கிறேன்."

"எந்தப் பாஷைல?"

எழுந்து போய்ப் படுத்துவிட்டேன்.

5

என் வீம்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆத்தாவின் தம்பி, எங்கள் மாமா, அரிமளம் பக்கத்தில் இருந்தார். கொஞ்சம் நிலபுலன் உள்ளவர். அவர் பெண்டாட்டி காமாட்சி அத்தை. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை என்று மாமா இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். அத்தையைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

முதலில் ஊர்ப் பஞ்சாயத்துத்தான் கூடியது. ஊரணிக் கரையில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். அத்தை பேசக்கூடாது. அவளுடைய அண்ணன்தான் எழுந்து பேசினார். அத்தை கரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். மாமா, நான் அவளை விரட்டவில்லை, அவளாகப் போனாள் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். சத்தியம் செய்தபின் பேச்சு ஏது? கோயிலுக்கு அபராதம் கட்டு, இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள் என்று தீர்ப்பாயிற்று. கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை "நான் போக மாட்டேன்" என்றாளாம். அது ஒருத்தர் காதிலும் விழவில்லை என்றார்கள். விழுந்திருக்கும்.

பஞ்சாயத்தே கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. கண்மாய்த் தண்ணீர்ச் சண்டையை அவர்கள் ஒரே பொழுதில் தீர்த்துவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கோர்ட் என்றால் அதற்கே நாலு வருஷம் ஆகும். ஆனால் உட்கார்ந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? நிலம் இருந்தவர் உட்கார்ந்தார். அவருக்குப் பின் அவர் மகன் உட்கார்ந்தான்.

அத்தையின் அண்ணன் ஒரு வக்கீலைப் பிடித்தார். தனியாக இருக்கவும் ஜீவனாம்சம் வாங்கவும் அவளுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார் அந்த வக்கீல். வழக்குப் பதிவாயிற்று. மாமாவுக்குச் சம்மன் கொண்டுபோகிற முறை, அய்யாவுக்கு வந்தது.

அன்று எங்கள் வீட்டில் நடந்த சண்டை இன்னும் என் காதில் இருக்கிறது.

"என் தம்பி வாசல்ல ஏறி நீங்களா சம்மன் குடுப்பீக? ஒலகத்துல வேற ஆளே இல்லையா?" என்றாள் ஆத்தா.

"மேல உள்ளவருகிட்டக் கேட்டுப் பாத்துட்டேன். இன்னொருத்தன் காச்சல்ல கெடக்கான். வாய்தாத் தேதி நெருங்கிருச்சு. போய்த்தான் ஆகணும்."

"போங்க, யாரு வேணாங்கிறா? கதவு பூட்டிக் கெடந்துச்சு, ஆளு ஊருல இல்லைன்னு ஒரு வரி எழுதுனா ஒங்க கை ஒடிஞ்சு போயிருமா?"

"என் கை ஒடியாது. அந்தப் புள்ளைக்கு நாலு மாசம் தள்ளிப்போகும். அப்பறம் நாலு மாசம். அவ கெழவியாயிருவா."

"ஒங்களுக்குக் கோர்ட்டுதான் மாமியா வீடு. என் பொறந்த வீடு இல்ல."

அய்யா சைக்கிளை எடுத்தார். அங்கே மாமா வாசலில் நின்று, "வாங்க மச்சான், எலையப் போடச் சொல்றேன். சாப்புட்டுட்டுக் குடுங்க" என்றாராம். அய்யா, "முதல்ல இதை வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க, அப்பறம் சாப்புடுறேன்" என்றாராம். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அய்யா கையோடு கொண்டுபோயிருந்த பசையைத் தடவி, கதவில் ஒட்டி, உரக்கப் படித்துக் காட்டி, பக்கத்து வீட்டார் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பட்டினியாகத் திரும்பினார். ஆத்தா அவரோடு ஒன்றரை மாதம் பேசவில்லை. சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போவாள். எனக்கும் அப்போது அய்யா மேல் கோபம்தான். எனக்குத் தீபாவளிப் பாவாடை எடுத்துக் கொடுக்கிற மாமா இல்லையா அவர்?

கோபம் போனது ஒரு மத்தியானம். சோற்றுத் தூக்கோடு போனபோது உள்ளே அத்தை வழக்கு நடந்துகொண்டிருந்தது. கூண்டில் அத்தை நின்றாள். ஜட்ஜ் அவளைப் பார்த்து, உன் பெயர் என்ன என்று கேட்டார். அவள் முணுமுணுத்தாள். கேட்கும்படி சொல்லம்மா, நீ சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்றார். "காமாச்சி" என்றாள். குமாஸ்தா பேனாவைத் தொட்டு எழுதினார். அதன்பின் அவள் பேசினாள். அழாமல், நிறுத்தாமல் பேசினாள். மாமாவின் வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஊரணிக் கரையில் வாய் திறக்கக்கூடாதவள் அவளேதான். மூன்று வருஷம் கழித்துத் தீர்ப்பு அவள் பக்கம் ஆயிற்று. அந்த மூன்று வருஷத்தோடு, அய்யா பொய்யாக ஒரு வரி எழுதியிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் கூடியிருக்குமோ.

இதை எல்லாம் செல்வியிடம் நான் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால், "அம்மா, எனக்கு மீட்டிங் இருக்கு" என்பாள். மீட்டிங் இருக்கத்தான் செய்யும். பொய் சொல்கிறவள் இல்லை அவள். அதனால்தான் அந்த மறதிக் கடிதம் எனக்கு ஆறவில்லை.

6

வரச்சொன்ன நாளில் செல்வி லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போனாள். மறதி என்று எழுதிய கடிதம் அவள் கைப்பையில் இருந்தது எனக்குத் தெரியும். காலையில் மாப்பிள்ளை மடித்துக் கொடுத்ததைப் பார்த்தேன். இரயிலில் ஒரு மணி நேரம் போனோம்.

கோர்ட் வாசலில் பைகளை ஒரு எந்திரத்துக்குள் விட்டுப் பார்க்கிறார்கள். என் சுருக்குப் பையைப் பார்த்ததும் எந்திரம் சத்தம் போட்டது. ஒரு ஆள் உள்ளே கைவிட்டுப் பாக்குவெட்டியை எடுத்து, அப்படியும் இப்படியும் திறந்து மூடிப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். செல்விக்கு மானம் போயிற்று. "இதைப் போயி எதுக்கும்மா கொண்டாந்த?" என்றாள். "நான் என்ன கழுத்த வெட்டவா கொண்டாந்தேன்? பாக்கு வெட்ட" என்றேன். ஒரு சீட்டைக் கொடுத்து, போகும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

உள்ளே ஒரு பெரிய கூடம். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். காது குத்திய வாலிபன், கைக்குட்டை பின்னுகிற கிழவி, முக்காடு போட்ட பெண், சிமெண்ட் ஒட்டிய பூட்ஸோடு ஒரு கொத்தனார். இவர்களில் பன்னிரண்டு பேர் இன்றைக்கு ஒருத்தனுடைய தலையெழுத்தைச் சொல்லப்போகிறார்கள். யாருக்கு எவ்வளவு நிலம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வர இயலாதவர்கள் ஒரு வரிசையில் நின்றார்கள். நாங்களும் நின்றோம். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். கடை பார்க்க ஆள் இல்லை, வெளிநாட்டுப் பயணம், கைக்குழந்தை. எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். என்ன காரணம் என்று கேட்டாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரிகிறது.

செல்வி பையைத் திறந்தாள்.

"செல்வி" என்றேன். "அதைக் குடுக்கணும்னா குடு. நான் தடுக்கலை. ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவை தமிழ்ல சொல்லு. எங்கம்மாவுக்குப் புத்தி பெசகிப் போச்சுன்னு."

அவள் என்னைப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் காத்திருந்தாள். எங்களுக்குப் பின்னால் வரிசை காத்திருந்தது. செல்வி பையின் ஜிப்பை மூடினாள். அந்தப் பெண்ணிடம் திரும்பி இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் என்னைக் காட்டினாள். பேசி முடித்துவிட்டு என்னிடம், "உண்மையச் சொல்லிட்டேன். தெரியாம சைன் பண்ணிட்டாங்க, இங்கிலீஷ் வராதுன்னு. அப்பறம் ஏன் சைன் பண்ணுனாங்கன்னு கேக்கறா. என்ன சொல்ல?" என்றாள்.

"எங்க ஊருல சம்மன் வந்தா வாங்குனதுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும், இல்லாட்டி மறுத்த கணக்கு, எங்கய்யா அமீனா, அதனால எனக்குத் தெரியும்னு சொல்லு."

செல்விக்கு அமீனா என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கோர்ட் கடிதத்தை வீடு வீடாகக் கொண்டுபோகிறவர் என்று சொன்னாள் போலிருக்கிறது. அந்தப் பெண் எழுந்துபோய் உள்ளே இருந்து ஒரு பெரிய உத்தியோகஸ்தரைக் கூட்டிவந்தாள். வந்தவர் தலை நரைத்தவர், யூனிஃபாரம் போட்டவர். என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். செல்விக்கு நம்பிக்கை வராமல் மறுபடி கேட்கச் சொன்னாள்.

"ஒங்கப்பாவ நாய் கடிச்சிருக்கான்னு கேக்கறாரு."

"கடிச்சிருக்கு. கறம்பக்குடியில. எடது கணுக்கால்ல."

அவர் குனிந்து தன் பேண்டை ஒரு சாண் தூக்கிக் காட்டினார். வலது கெண்டைக்காலில் பெரிய தழும்பு. அவரும் இருபது வருஷம் வீடு வீடாகக் கோர்ட் காகிதம் கொண்டுபோனவராம். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். செல்வியும் சிரித்தாள். பல வருஷம் கழித்து அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன்.

பிறகு அவர் உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல, செல்வி எனக்குச் சொன்னாள். பெரிய தப்பு ஒன்றும் இல்லையாம். மொழி புரியாதவர்கள் ஜூரியில் உட்கார முடியாது. துணைக்கு மொழிபெயர்ப்பாளரை வைக்க இந்தச் சட்டத்தில் இடம் இல்லை. அதனால் இந்தத் தடவை விடுவிக்கிறோம் என்றார்.

"மறதின்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேளு" என்றேன்.

செல்வி தயங்கித்தான் கேட்டாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பேரை எடுத்துருவாங்களாம்மா. நிரந்தரமா. மொழின்னா பேரு அப்படியே இருக்குமாம். மறுபடி குலுக்கல்ல விழுந்தா மறுபடி கூப்பிடுவாங்களாம்."

"அப்படின்னா பாஷை தெரியாதுன்னே எழுதச் சொல்லு. வர இஷ்டம் உண்டுன்னும் எழுதச் சொல்லு."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"ஓரத்துல எடம் இருக்குல்ல?"

அவர் எழுதினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். செல்வி அதை எனக்குப் படித்துச் சொன்னாள். நேரில் வந்தார், மொழி காரணம், விருப்பம் உடையவர்.

7

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் செல்விதான் எல்லாவற்றையும் சொன்னாள். தமிழில் சொன்னாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் ஒரு இடத்தில்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை என்னிடம் வந்து, "தப்பா நெனச்சுட்டேன் அத்தை" என்றார். நல்ல மனிதர்தான் என்று முன்னாலேயே சொன்னேனே.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்ததாம், பிறகு எடுத்துவிட்டார்களாம். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார். எது சரி என்று நான் சொல்ல முடியாது. படித்த ஜட்ஜ் ஒருவர் இருந்ததால்தான் காமாட்சி அத்தை பேச முடிந்தது. இங்கே கொத்தனாரும் உட்கார்ந்து நியாயம் சொல்கிறார். இரண்டும் யாரோ ஒருகாலத்தில் போராடிக் கட்டியதாகத்தான் இருக்கும். சும்மா கிடைத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, கோர்ட்ல தாத்தாவப் பத்திச் சொன்னியே, முழுசாச் சொல்லு" என்றாள். மீட்டிங் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். மாமா கதவில் சம்மன் ஒட்டிய கதையில் ஆரம்பித்தேன். இன்னும் முடியவில்லை.

மாசியிலிருந்து எங்கள் தெருக்கோடி லைப்ரரியில் நடக்கிற இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். செவ்வாயும் வெள்ளியும். சீனாக்காரப் பாட்டி ஒருத்தி, ஈராக் நாட்டுக்காரர் ஒருவர், நான். எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று முதல் நாள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். கடைக்குப் போக என்றாள் சீனாக்காரப் பாட்டி. பேரப்பிள்ளையோடு பேச என்றார் ஈராக் நாட்டுக்காரர். என் முறை வந்தபோது, செல்வி சொல்லிக்கொடுத்திருந்ததை நாலு நாள் மனப்பாடம் செய்து வைத்திருந்தபடியே கேட்டேன். ஜூரியில் உட்கார எனக்கு இன்னும் எத்தனை வார்த்தை வேண்டும்?

வாத்தியாரம்மா சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.